மாதுளம்பூவில் ஒரு புள்ளி

எனக்குப் பொறுமை கிடையாது. ஊரில் கணக்குப் படிப்பித்த காலத்தில், பிள்ளைகள் வாய் திறப்பதற்கு முன்பே விடையை நானே சொல்லிவிடுவேன். அப்படிப்பட்டவளை, இருநூறு வருடப் பழைய பிரெஞ்சுப் புத்தக அட்டைகளில் இருக்கும் பூக்களை அளந்து பார்க்கும் வேலையில் கொண்டுபோய் இருத்தியது தலையெழுத்து. அதற்கு முன்னர் ரொறன்ரோவில் இரண்டு ஃபக்டரிகளில் வேலை பார்த்தேன். இரண்டிலும் சூப்பர்வைசரோடு வாய் காட்டிவிட்டு வெளியே வந்தேன்.

எண்பத்துமூன்று ஆடிக் கலவரத்துக்குப் பிறகு, கணவரின் அக்கா இங்கே இருந்தபடியால் எனக்கு முதலில் வழி பிறந்தது. மகளுக்கு அப்போது இரண்டு வயது. அவளுடைய பாஸ்போட் அலுவல் முடிந்திருக்கவில்லை. கணவர் அவளோடு கொழும்பில், வெள்ளவத்தையில் ஒரு வாடகை அறையில் நின்றார். "நீர் முதல்ல போம், நாங்கள் பின்னால வாறம்" என்றார். அந்தப் 'பின்னால' இழுபட்டுக்கொண்டே போனது. அவர்களை ஸ்பொன்சர் பண்ணுவதற்கு எனக்கு நிலையான முழுநேர வேலை இருக்க வேண்டும் என்று இமிகிரேஷனில் சொல்லிவிட்டார்கள். எனக்குக் கிடைத்ததோ பழைய புத்தகக் கடையில் பார்சல் கட்டும் அரைநேர வேலை.

கடை, ஸ்ட்ரீட்கார் ஓடும் தெரு ஒன்றில் மாடியில் இருந்தது. முதலாளி மொன்றியலில் இருந்து வந்தவள், கிட்டத்தட்ட என் வயதுதான். கோபத்திலும் எனக்குச் சளைத்தவள் இல்லை. கோபம் வந்தால் ஆங்கிலத்தை விட்டுவிட்டுப் பிரெஞ்சில் பொரிந்து தள்ளுவாள். நானும் தமிழில் இரண்டு சொல்லுவேன். ஒருத்தி பேசியது மற்றவளுக்கு விளங்காதபடியால் சண்டை பெரிதாகாமல் அடங்கிவிடும். ஒருநாள் அவள் இரண்டு அட்டைகளை மேசையில் அருகருகே வைத்து, இரண்டிலும் இருப்பது ஒரே பூதானே என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டிருந்தாள். பார்சல் கயிற்றைக் கையில் வைத்துக்கொண்டே, இல்லை, இடப்பக்கத்துப் பூ கொஞ்சம் குட்டை என்றேன். கவராயத்தை எடுத்து அளந்தாள். குட்டைதான். அதன் பிறகு பாதி நேரம் பார்சல், மீதி நேரம் பூ என்று ஆகிவிட்டது.

விஷயம் இதுதான். அந்தக் காலத்தில் பாரிஸில் புத்தகம் கட்டிய பலர் தங்கள் வேலையில் பெயர் போடவில்லை. ஆட்டுத்தோல் அட்டையின் மேல் மெல்லிய தங்கத் தாளை வைத்து, சூடாக்கிய பித்தளை அச்சால் அழுத்துவார்கள். ஒரு அச்சில் ஒரு பூவோ ஒரு இலையோதான் இருக்கும். அவற்றை மாற்றி மாற்றிக் குத்தி, அட்டையின் ஓரம் முழுவதும் கூறைச் சேலையின் கரை மாதிரி ஆக்கிவிடுவார்கள். அச்சுகளைக் கையால் வெட்டினார்கள், ஆகவே ஒன்றைப் போல இன்னொன்று அச்சொட்டாக இருக்காது. பெயருள்ள புத்தகத்தின் பூவும் பெயரில்லாத புத்தகத்தின் பூவும் அளவிலும் வளைவிலும் ஒத்துப்போனால், இரண்டையும் அலங்கரித்தது ஒரே பட்டறை என்று சொல்வார்கள். நாங்கள் மெல்லிய தாளைப் பூவின் மேல் வைத்துப் பென்சிலால் தேய்த்துப் படி எடுப்போம். பிறகு அந்தப் படியைப் பெரிய உசாத்துணை நூல்களில் இருக்கும் படங்களோடு ஒப்பிடுவோம். கண் பூத்துப்போகும் வேலை.

எண்பத்தைந்தாம் ஆண்டு, மரங்கள் இலை கொட்டத் தொடங்கிய நேரம், ஒரு பெட்டி வந்தது. அதற்குள் சிவப்புத் தோலில் கட்டிய ஒரு ஜெபப் புத்தகம், இரண்டு பாகங்கள். முதல் பாகம் தங்கம் மின்ன மின்ன நேற்றுக் கட்டியது போல இருந்தது. இரண்டாம் பாகம் எப்போதோ தண்ணீரில் ஊறி, அட்டை கழன்று, தங்கம் முழுக்க அழிந்துபோய்க் கிடந்தது. ஓரத்தில் சின்னச் சின்ன மாதுளம்பூக்கள். ஒவ்வொன்றுக்கும் ஐந்து முனைகள். முதலாளி அதைப் பார்த்ததும் உசாத்துணை நூலைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தாள். பாரிஸில் புத்தகம் கட்டிப் பெரிய பெயரெடுத்த ஒருவரின் மாதுளம்பூ அது. நானும் அளந்தேன். உயரம் சரி, அகலம் சரி, இதழ்களின் வளைவும் சரி.

மொன்றியலில் ஒரு சேகரிப்பாளர் அதைத் தானே வாங்குவதாகப் போனில் சொன்னார். முதலாளி போனை வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினாள். இது அந்தப் பெரியவரின் வேலையாக விற்றுப்போனால், ஜனவரியில் இருந்து உன்னை முழுநேரம் எடுக்கிறேன் என்றாள். அன்று வீட்டுக்கு நான் நடந்து போகவில்லை, பறந்து போனேன்.

கை பழகட்டும் என்று, நாசமாகிப்போன பாகத்தின் கழன்ற அட்டையை வீட்டுக்குக் கொண்டுபோக விட்டிருந்தாள். நான் சென் ஜேம்ஸ் ரவுணில் ஒரு மாடிக் கட்டிடத்தில் மச்சாளோடுதான் இருந்தேன். மச்சாள் என்றால் கணவரின் அந்த அக்காதான். அந்த வாரத்தில் நவராத்திரியின் கடைசி நாளும் வந்தது. அன்று வேலையால் வந்து கதவைத் திறக்கிறேன், சரஸ்வதி படத்துக்கு முன்னால் வீட்டிலுள்ள அத்தனை புத்தகமும் அடுக்கியிருக்கிறது. கார் ஓடப் பழகும் புத்தகம், ஆங்கில வகுப்புப் புத்தகம், ரெலிபோன் டிரெக்டரி. எல்லாவற்றுக்கும் மேலே என் அட்டை. மச்சாள் தாராள மனசுக்காரி. பொட்டோடு நிறுத்தாமல், சந்தனத்தைக் குழைத்து ஓரம் முழுவதும் இழுத்துப் பூசியிருந்தா.

"என்ன மச்சாள் உது! உதை ஆர் எடுக்கச் சொன்னது?" என்று கத்தினேன்.

"ஏன் கத்துறீர்? உதும் புத்தகத்தின்ர அட்டைதானே."

"அது வேதக்காரரின்ர செபப் புத்தகம் மச்சாள்!"

"அதுக்கென்ன? படிப்பெண்டால் எல்லாம் அவவின்ர பொறுப்புத்தான்" என்று சரஸ்வதியைக் காட்டினா.

துணியை எடுத்துத் துடைக்கப் போனேன். மச்சாள் குறுக்கே வந்து நின்றா. "பூசைக்கு வைச்சதை நாளைக்கு விடிய, ஏடு தொடக்கினாப் பிறகுதான் எடுக்கலாம். அங்க பிள்ளையை விட்டிட்டு வந்து நிக்கிற நீர், சரஸ்வதியோட விளையாடாதையும்."

நான் சாமி, சாத்திரம் என்றால் நக்கலடிக்கிறவள். ஆனால் பெற்ற பிள்ளை வேறொரு நாட்டில் நிற்கும்போது எல்லாச் சாமிக்கும் பயப்படத்தான் வேண்டியிருக்கிறது. துணியைக் கீழே வைத்துவிட்டேன்.

விடிந்து மச்சாள் உத்தரவு தந்தபோது சந்தனம் காய்ந்து இறுகியிருந்தது. பழைய பருத்தித் துணியால் மெல்ல மெல்லத் தட்டித் துடைத்தேன். மேலே இருந்தது உதிர்ந்தது, பள்ளத்தில் இருந்தது போகமாட்டேன் என்றது. தங்கம் அழிந்துபோன மாதுளம்பூக்கள் எல்லாம் சிவப்புத் தோலில் வெளிர் மஞ்சளாக எழும்பி நின்றன. நாசமாய்ப் போச்சு என்று திட்டிக்கொண்டே பார்த்தவள், திட்டுவதை நிறுத்தினேன். ஒரு பூவில் ஐந்தாவது முனை பூவோடு ஒட்டி நின்றது. அடுத்த பூவில் அது கொஞ்சம் விலகி நின்றது. அதற்கடுத்ததில் சற்றுக் கீழே இறங்கியிருந்தது. மற்ற நான்கு முனைகளும் எல்லாப் பூவிலும் தங்கள் இடத்திலேயே இருந்தன.

ஒரே அச்சில் வெட்டிய முனை பூவுக்குப் பூ இடம் மாறாது. அப்படியென்றால் அது அச்சின் முனையே இல்லை. அச்சில் அந்த முனை உடைந்துபோயிருக்கிறது. உடைந்த இடத்தில், சின்னப் புள்ளி அச்சு ஒன்றால் யாரோ தனியாகக் கையால் குத்திச் சமாளித்திருக்கிறான். உசாத்துணை நூலில் அந்தப் பெரியவரின் புத்தகங்கள் எல்லாவற்றிலும் பூ முழுசாகவே இருந்தது. கடைசிக் காலத்தில் கட்டியவற்றிலும் அப்படித்தான். ஆகவே இது அவர் கட்டிய புத்தகமே இல்லை.

கடைக்கு நடந்து போகும்போது, சொல்லாமல் விட்டுவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். தங்கம் மினுங்கும் முதல் பாகத்தில் யார் இதைக் கண்டுபிடிக்கப் போகிறார்கள்? ஜனவரி வந்தால் முழுநேர வேலை, பிறகு ஸ்பொன்சர், பிறகு என் பிள்ளை. கடை வாசல் வரைக்கும் வாயைத் திறப்பதில்லை என்றுதான் இருந்தேன். ஆனால் கரும்பலகையில் பிழையான விடையை விட்டுவிட்டு வகுப்பால் வெளியே வர என்னால் ஒருநாளும் முடிந்ததில்லை. அது நல்ல குணம் என்று சொல்லவில்லை. அது ஒரு வியாதி.

முதலாளி அட்டையை மணந்து பார்த்தாள். சந்தனம் என்றதும் பிரெஞ்சில் தொடங்கிவிட்டாள். நான் பூதக்கண்ணாடியை அவள் கையில் கொடுத்தேன். பாதி வசனத்தில் சத்தம் நின்றது. இருவரும் முதல் பாகத்தை எடுத்துக் கவராயத்தால் பூப்பூவாக அளந்தோம். தங்கத்தின் மினுக்கத்தில் நாங்கள் இருவருமே ஏமாந்திருந்தோம். அங்கேயும் அந்தப் புள்ளி நடமாடிக்கொண்டுதான் இருந்தது. அவள் கதிரையில் தொப்பென்று இருந்தாள். பெரியவர் செத்த பிறகு அச்சுகளை யாருக்காவது விற்றிருப்பார்கள், இது வாங்கியவனின் வேலை என்றாள். பிறகு மொன்றியலுக்குப் போன் எடுத்து உள்ளதைச் சொன்னாள். அந்த மனிதர் நன்றி சொல்லிவிட்டு, அப்படியென்றால் தனக்குப் புத்தகம் வேண்டாம் என்றார்.

ஜனவரியைப் பற்றி இருவரும் கதைக்கவில்லை. நான் பின்னறையில் பார்சல் பேப்பர்களுக்கு நடுவில் இருந்து அழுதேன். வீட்டுக்கு வந்தால் மச்சாளும் விடவில்லை.

"வாயை மூடிக்கொண்டு சும்மா இருந்திருக்கலாமே? பிள்ளையை ஒருக்கா நினைச்சுப் பாத்தீரே?"

"நினைச்சதாலதான் அழுறன்" என்றேன். மச்சாள் தேத்தண்ணி ஊற்றித் தந்தா.

பனி கொட்டத் தொடங்கியது. கடைக்கு ஆள் வரத்துக் குறைந்தது. முதலாளியால் மட்டும் அந்தப் புள்ளியை விட முடியவில்லை. ஒருநாள் ஏணியில் ஏறி, பெயர் தெரியாதவை என்று ஒதுக்கி வைத்த பிரெஞ்சுப் புத்தகங்களை ஒவ்வொன்றாக இறக்கி என்னிடம் தந்தாள். நான் தேய்த்துப் படி எடுத்தேன். வரலாற்று நூல் ஒன்றின் முதுகில் அதே உடைந்த மாதுளம்பூ, பக்கத்தில் நகர்ந்து நகர்ந்து நிற்கும் புள்ளி. இருவரும் ஒரே நேரத்தில் கத்தினோம், அவள் தன் பாஷையில், நான் என் பாஷையில். பிறகு இன்னொன்று அகப்பட்டது. தெரிந்த வியாபாரி ஒருவரின் கடையில் வேறு ஒன்று இருந்தது. இப்படி ஒரு ஆள் இருந்தான் என்பதையே அதுவரை யாரும் கவனிக்கவில்லை என்றாள் முதலாளி. அவளுடைய முகத்தில் அப்படி ஒரு சந்தோஷத்தை நான் அதற்கு முன்னர் பார்த்ததில்லை.

எனக்கும் அந்தப் பெயர் தெரியாதவன் மேல் பட்சம் வந்துவிட்டது. யாரோ விட்டுப்போன சாமானை வாங்கி, அது உடைந்த பிறகும் எறியாமல், ஒரு புள்ளி வைத்துச் சமாளித்தவன். எங்கள் கட்டிடத்தில் எல்லார் வீட்டிலும் மேசை, கதிரை, சோபா எல்லாம் அப்படித்தான் ஓடிக்கொண்டிருந்தன.

முதலாளி அந்தப் புத்தகங்களை ஒன்றாக்கி, இவை எல்லாம் உடைந்த மாதுளம்பூக்காரரின் வேலை என்று எங்கள் படிகளோடு விற்பனைக்குப் போட்டாள். ஒரு பல்கலைக்கழக நூலகம் அத்தனையையும் சேர்த்து வாங்கியது. இன்னும் இருந்தால் சொல்லுங்கள் என்றும் கேட்டது. பனி உருகத் தொடங்கிய ஒருநாள், நான் பார்சலுக்குக் கயிறு கட்டிக்கொண்டிருந்தபோது முதலாளி வந்து கயிற்றைப் பிடுங்கினாள். திங்கட்கிழமையில் இருந்து முழுநாளும் வா, பார்சலை வேறு யாராவது கட்டட்டும் என்றாள். அந்த மஞ்சள் சாமான் இன்னும் கொஞ்சம் கிடைக்குமா என்றும் கேட்டாள். அதெல்லாம் வருடத்துக்கு ஒரு முறைதான் என்றேன்.

அதற்குப் பிறகும் இமிகிரேஷன் ஆட்கள் ஆற அமரத்தான் அலுவல் பார்த்தார்கள். விசா கிடைத்த செய்தி எண்பத்தேழில்தான் வந்தது. வெள்ளவத்தை வீட்டுக்காரரின் போனுக்கு எடுத்தேன். கணவர் இரண்டு வசனம் கதைத்தார், பிறகு போனை மகளிடம் கொடுத்துவிட்டார். அவளுக்கு அதற்குள் ஆறு வயது.

"அம்மா, எயாப்போட்டில நிறையச் சனம் நிக்குமாம், உண்மையோ?"

"ஓம் அம்மா, நிக்கும்."

"அப்ப உங்களை எப்பிடிக் கண்டுபிடிக்கிறது? ஃபோட்டோவில உங்கட முகம் சின்னனா இருக்குது. எனக்கு வடிவாத் தெரியாதே."

மச்சாள் என் தோளைப் பிடித்தா.

"நீங்கள் ஒண்டும் தேட வேண்டாம் குஞ்சு. நான் உங்களைக் கண்டுபிடிப்பன்."

"பிழையா வேற பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போயிட்டால்?"

"போகமாட்டன். அம்மா இஞ்ச பாக்கிற வேலையே அதுதான்."

கடலுக்கு அந்தப் பக்கத்தில் அவள் மூச்சு விடுவது கேட்டது.

"சரி அம்மா. எண்டாலும் நான் கையைத் தூக்கிக்கொண்டே வாறன்."