கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு வயிறு

போலந்தில் நான் வேலை செய்கிற பால் ஆலையில் கிருமிக்குத்தான் முதல் மரியாதை. கெஃபிர் என்று, நம்ம ஊர் மோர் மாதிரிப் புளிப்பாக ஒன்றைத் தயாரிக்கிறோம். அதற்கு உறை ஊற்றுகிற கிருமிக்குத் தனி அறை, தனிக் குளிர். தலைக்கு வலை, தாடிக்கு வலை, முழங்கை வரை சோப்பு போட்டால்தான் எங்களை உள்ளே விடுவார்கள். நம் அழுக்கு அதன்மேல் பட்டுவிடக் கூடாதாம். எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு, கோயம்புத்தூர் கணபதிப் பகுதியில் லேத் பட்டறையில் கிரீஸ் கையோடு வடை தின்று வளர்ந்தவன் நான். வந்த புதிதில் இதெல்லாம் வேடிக்கையாக இருந்தது. மகள் பிறந்த பிறகு வேடிக்கை போய்விட்டது.

ஏழாம் மாதத்திலேயே பிறந்துவிட்டாள். கோயம்புத்தூரில் ஓர் ஆஸ்பத்திரியில் கண்ணாடிப் பெட்டிக்குள் கிடக்கிறாள். வீடியோவில் பார்த்தால் வயிற்றுத் தோலுக்கு அடியில் நரம்பு நீலமாகத் தெரிகிறது. மூச்சைவிட வயிறுதான் கவலை என்றார் டாக்டர். குறைமாதக் குழந்தைக்குக் குடல் முற்றியிருக்காது; கெட்ட கிருமி பெருகினால் வீங்கும், அழுகியும் போகலாம். அதனால் குழாய் வழியாகத் தாய்ப்பாலோடு நல்ல கிருமிச் சொட்டு, ப்ரோபயாட்டிக் என்று சொல்கிறார்கள், அதைக் கொடுத்துப் பார்க்கலாம் என்றார். பல குழந்தைகளுக்கு உதவுகிறது. ஆனால் இவ்வளவு சின்ன உடம்பில் அந்தக் கிருமியே ரத்தத்தில் ஏறிவிடுவதும் எப்போதாவது நடக்குமாம். வீட்டில் பேசிச் சொல்லுங்கள் என்று விட்டுவிட்டார்.

"ஏனுங்க மாமா, குடுக்கச் சொல்லட்டுங்களா?" என்று போனில் கேட்டாள் என் மனைவி கோகிலா.

"ரத்தத்துல ஏறுனா என்ன பண்ணுவாங்களாம் அம்மணி? அதைக் கேட்டியா? குடுக்காம உட்டா என்னாகும்னு கேட்டியா?"

பக்கத்திலிருந்து மாமியார் போனை வாங்கிக்கொண்டார். மாசாணியம்மன் கோயில் இருக்கிற ஆனைமலைக்காரர். "மோர்லயும் அந்தக் கிருமிதானுங்களே மாப்பளை? ஒரு சொட்டு நாக்குல தடவுனா ஆகாதுங்களா?"

எனக்கு உயிரே போய்விட்டது. "அத்தை, வேண்டாமுங்க. பெட்டிக்குள்ள கையவே உட்றாதீங்க."

"நான் எங்கீங்க உடறது? என்னையத்தான் கண்ணாடிக்கு அக்கட்டால நிறுத்திப்போட்டாங்களே." பிறகு அவரே சொன்னார்: "களவு போச்சுன்னா மாசாணியம்மனுக்கு மொளகா அரைச்சுப் பூசி, எடுத்தவனைக் கேளு தாயேன்னு சொல்லலாம். இதுக்கு ஆரு மேல அரைக்கறதுங்க?"

பட்டறையில் மோட்டார்மேல் கை வைத்தால் எந்த பேரிங் போயிற்று என்று சொல்லிவிடுவேன். இங்கே கை வைக்க ஒன்றுமில்லை. போலந்தில் தங்குவதற்கான குடியிருப்பு அட்டையைப் புதுப்பிக்கக் கொடுத்திருக்கிறேன். அது வருமுன் நாட்டை விட்டுக் கிளம்பினால் திரும்பி வர முடியாது. ஊரில் இருந்திருந்தாலும் என்ன கிழித்திருப்பேன்? ஆஸ்பத்திரிப் படியில் உட்கார்ந்திருப்பேன். பெரியநாயக்கன்பாளையத்திலிருந்து சொந்தக்காரர் யாராவது தூக்குப்போசியில் சோறு கொண்டுவருவார்கள், வேண்டாம் என்பேன். அதுகூட ஒரு வேலைதான்.

மறுநாள் கோகிலாவே கூப்பிட்டாள். "நான் சரீன்னு சொல்லிப்போட்டனுங்க. நீங்க ரோசன பண்ணி முடிக்கறதுக்குள்ள புள்ள பள்ளிக்கோடம் போயிரும்." சிரிப்பதற்காகத்தான் சொன்னாள். உடனே போனை வைத்துவிட்டாள்.

சொட்டு கொடுக்க ஆரம்பித்துச் சில நாளில் வயிறு உப்பிவிட்டது. பாலை நிறுத்தினார்கள். சொட்டினாலா, அல்லது சொட்டு இல்லாவிட்டால் இன்னும் மோசமாகியிருக்குமா என்று கேட்டால் டாக்டருக்கே சொல்லத் தெரியவில்லை. அந்தச் செய்தியோடுதான் அன்றைக்கு வேலைக்குப் போனேன்.

வாசலில் பாணி ஏவா நிற்பார். 'பாணி' என்றால் இங்கே அம்மா என்கிற மாதிரி மரியாதை. ஆலையின் சோதனைக்கூடத்துக்காரர். வீட்டில் யாருக்காவது வயிற்றுக் கோளாறா என்று எல்லோரையும் கேட்டுத்தான் உள்ளே அனுப்புவார். தினமும் யோசிக்காமல் 'நியே', இல்லை, என்பவன் அன்று 'தாக்' என்றுவிட்டேன். ஆமாம் என்று அர்த்தம். போனில் மொழிபெயர்த்தும் காட்டினேன்: குழந்தை, வயிறு, கிருமி. சட்டென்று பின்னால் நகர்ந்து வெளிவாசலைக் காட்டினார். நான் உள்ளே போனால் தொட்டிப் பால் முழுக்கச் சாக்கடைக்குத்தான், டாக்டர் கடிதத்தோடு வா என்று பேச ஆரம்பித்துவிட்டார். விளக்கிச் சொல்கிற அளவுக்கு எனக்கு அவர்கள் மொழி வராது. வீடியோவைக் காட்டினேன்.

மூக்குக்கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். எங்கே என்றார். இந்தியாவில் என்றேன். என் தோளில் கை வைத்தார். ஆனாலும் விதிப்படி கேட்க வேண்டியதைக் கேட்டாக வேண்டுமே. கடைசியாகக் குழந்தையைத் தொட்டது எப்போது?

தொட்டதே இல்லை என்றேன்.

"டோப்ஜே" என்றார். நல்லது, சரி என்று பொருள். கதவைத் திறந்துவிட்டார்.

பிறகு வயிறு மெல்ல இளகியது. மறுபடி பால் கொடுக்கிறார்கள், சொட்டும் கொடுக்கிறார்கள். எதனால் இளகியது என்று யாரும் சொல்லவில்லை, நாளைக்கு என்ன ஆகும் என்றும் சொல்லவில்லை. பாணி ஏவா இப்போதும் எல்லோரையும் கேட்பது போலவே என்னையும் கேட்கிறார், வீட்டில் யாருக்காவது வயிறு சரியில்லையா என்று. இங்கே வேலைக்கு வந்த நாங்கள் நான்கு பேர் படுத்துக்கொள்ளும் வாடகை அறையையே வீடு என்று மனதில் நினைத்துக்கொண்டு, 'நியே' என்று சொல்லிவிட்டு உள்ளே போகிறேன்.