தூரம் போனால் நிறை குறையும்

பத்தாம் ஆண்டு படித்த அக்கா விஞ்ஞானப் பாடத்தை ஊருக்கே கேட்கும்படி படிப்பாள். விண்கலம் பூமியை விட்டுத் தூரம் போகப் போகப் புவியீர்ப்பு குறையும், உள்ளே இருப்பவரின் நிறையும் குறையும் என்று ஒருநாள் படித்தாள். ஒன்பது வயதான எனக்கு, அதைச் சோதித்துப் பார்க்கும்வரை இருப்புக் கொள்ளவில்லை.

சந்தர்ப்பம் தானாக வந்தது. ஷெல் அடி நெருங்கிவர, நெடுங்கேணியில் எங்கள் வீட்டுக் கதவுகளையும் கூரைத் தகரங்களையும் கழற்றி உழவு இயந்திரப் பெட்டியில் ஏற்றினோம். அப்பா கச்சான்கடலை மூட்டை நிறுக்கும் கொளுக்கித் தராசும் ஏற இருந்தது. அதற்கு முன் அதை மாமரத்தில் கட்டி, இரண்டு கைகளாலும் பிடித்துத் தொங்கினேன். இருபத்தைந்து கிலோ.

ஒட்டுசுட்டானில் இருபத்துநாலு. புதுக்குடியிருப்பில் இருபத்திரண்டு. அக்காவிடம் ஓடினேன்.

"மேலை போனாத்தான் குறையும். ரோட்டாலை போனா குறையாது" என்றாள்.

கைப்புண்ணுக்குக் கண்ணாடியா வேண்டும்? தன் பாடத்தை நான் நிரூபித்துவிட்ட பொறாமை என்று நினைத்துக்கொண்டேன்.

போகப் போகத் தகரங்களை விட்டோம். கதவுகள் பதுங்குகுழிக்கு மூடியாகின. தராசை மட்டும் நான் விடவில்லை. கடற்கரைக்கு வந்து பூவரசில் தொங்கியபோது பத்தொன்பது. பெருமையோடு அப்பாவிடம் சொன்னேன். அவர் தராசை வாங்கித் தட்டிப் பார்த்தார். அம்மா என் விலாவைத் தடவிப் பார்த்தார்.

"தராசு பிழை, பிள்ளை. இனி நிறுக்க வேண்டாம்" என்றார் அப்பா.

அன்றிலிருந்து அம்மாவுக்குக் கஞ்சி பிடிக்காமல் போனது. தன் பங்கை எனக்கும் அக்காவுக்கும் ஊற்றினார்.

"எனக்கு ஒத்துவரேல்லை. நீங்கள் குடியுங்கோ."

நாங்களும் குடித்தோம். சில நாள் கழித்து, அப்பா இல்லாத நேரம் பார்த்துத் திரும்பவும் தொங்கினேன். இருபது. எனக்கு அழுகை வந்துவிட்டது. இவ்வளவு தூரம் வந்த பிறகு நிறை கூடினால் விதி என்னாவது? அம்மாவிடம் போய்ச் சொல்லி அழுதேன். அவர் என்னைக் கட்டிப்பிடித்துச் சிரித்தார். அவர் சிரித்து எத்தனையோ நாளாகியிருந்தது. என் விஞ்ஞானம் பிழையாகிப் போனதில் இவருக்கு என்ன சந்தோஷம் என்று கோபம்கூட வந்தது.

நெடுங்கேணியிலிருந்து கடற்கரைவரை, அந்தத் தராசில் ஒருதரமாவது அம்மாவை நிறுத்துப் பார்க்க எனக்குத் தோன்றவில்லை.