"அவ சோறு இல்லன்னு சொல்லுங்க"

போன வாரம் மதிய ஷிப்ட் தொடங்கும்போது சூப்பர்வைசரின் செல்போனுக்குத் தகவல் வந்தது. முனிராஜ் அண்ணன் இறந்துவிட்டார். இரைப்பைப் புற்றுநோய்.

அவரை அறியாதவர்களுக்குச் சொல்கிறேன். ஓசூரில் எங்கள் குரோம் பிளேட்டிங் பட்டறையில், இரும்புச் சாமான்களைக் குரோம் ரசாயனத்தில் முக்கியெடுக்கும் தொட்டிக்கு அவர்தான் பொறுப்பு. இன்ஜினியரிங்கைப் பாதியில் விட்டுவிட்டு நான் வந்து நின்றபோது, "காலேஜே உன்னத் தாங்கல, இந்தத் தொட்டி தாங்குமாப்பா?" என்று சிரித்தார். ஆறின சோறு யாரும் தின்னக்கூடாது அவருக்கு. எங்கள் டிபன் டப்பாக்களை எல்லாம் வாங்கி, சூடான தொட்டியின் விளிம்பில் அடுக்கிவைப்பார். மூடியில் மஞ்சளாக ஆவி படியும். துடைத்துவிட்டுச் சாப்பிடுவோம்.

நோய் தெரிந்ததும் அவருடைய அக்கா அவர் வீட்டுக்கு வந்து, "கருவாடும் ஊறுகாயுமாப் போட்டு எந்தம்பி வயித்த அரிச்சிட்டா" என்று அண்ணியைப் பேசினார். அண்ணி அதை நம்பிவிட்டார். அண்ணனுக்கு வலியைவிட அதுதான் தாங்கவில்லை.

பெங்களூர் ஆஸ்பத்திரிக்கு நான் துணைக்குப் போனேன். டாக்டருக்குத் தமிழ் தெரியும்.

"செல்லு கண்டபடி பெருகாம தடுக்கற மரபணு இருக்குங்க. சில ரசாயனம் உள்ள போனா, அதும்மேல மூடி மாதிரி ஒண்ணு விழுந்துரும். மரபணு அங்கயேதான் இருக்கும், வேலை செய்யாது."

"பிளேட்டிங் போட்டாப்பலங்களா சார்?" என்றார் அண்ணன். " உள்ள இரும்பு இருக்கும், வெளிய தெரியாது."

"கிட்டத்தட்ட."

"அப்ப குரோம்தானுங்களே?"

"இருக்கலாம். உப்பு அதிகமானாலும் வரும், கிருமியாலயும் வரும். உங்களுக்கு எதாலன்னு எந்த டெஸ்ட்டும் சொல்லாது."

"அவ சோறு இல்லன்னு மட்டும் சொல்லுங்க சார்."

"அதையும் சொல்ல முடியாதுங்க."

திரும்பும் பஸ்ஸில் அண்ணன் என் கையைப் பிடித்தார். "தொட்டிதான்னு டாக்டர் சொல்லிட்டாருன்னு வீட்ல சொல்லுப்பா. நீ காலேஜ் போனவன், நம்புவாங்க."

"ஓடி வந்தவன்ணா."

"அது அவங்களுக்கு எங்க தெரியும்?"

சொன்னேன். அக்கா என்னை ஏற இறங்கப் பார்த்தார். "அதே தொட்டிகிட்டதான நீயும் நிக்கற? உனக்கு ஏன் வரல?" அண்ணி தலையைக் குனிந்துகொண்டார்.

அடக்கம் முடிந்து நேற்று அந்த வீட்டுக்குப் போனேன். அண்ணி உப்பில்லாமல் சோறு, உப்பில்லாமல் குழம்பு வைத்திருந்தார். பிள்ளைகள் தட்டைத் தள்ளிவிட்டு உப்பு கேட்டு அழுதார்கள். "உங்கப்பாவுக்குப் போட்டது போதும்" என்று அவர் போடவில்லை.

அண்ணே, நீங்கள் சொல்லச் சொன்னதைச் சொல்லிப் பார்த்தேன். எடுபடவில்லை. போய் வாருங்கள்.