ஜெகதாம்பாள் டீச்சர் திறந்த கண்

ஜெகதாம்பாள் சீவிய பென்சிலைப் பற்றிச் சொன்னால் யாரும் நம்புவதில்லை. அதன் முனையில் உட்காரப் பார்த்த ஒரு கொசு, காலைக் குத்திக்கொண்டு நொண்டிக்கொண்டே பறந்து போனதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். கொசு எப்படி நொண்டிப் பறக்கும் என்று கேட்பவர்கள் அந்தக் கால ஆவடிக் கொசுவைப் பார்க்காதவர்கள்.

அவர் வேலூர்க்காரர். கணவர் உத்தமன் ஆவடித் தொழிற்சாலையில் ஃபிட்டர். அறுபத்தாறில் குவார்ட்டர்ஸுக்குக் குடிவந்தார்கள். அறுபத்தெட்டில் குடியிருப்பின் நலக்கூடத்தில் பெண்களுக்கு ஓவிய வகுப்பு தொடங்கினார். எழுபத்தாறில் உத்தமனுக்கு மாற்றலாகும் வரை, செவ்வாயும் சனியும் மத்தியானம் இரண்டரை மணிக்கு அந்த வகுப்பு நடந்தது. கூடத்தின் நடுவே பலகைத் தடுப்பு. அந்தப் பக்கம் லட்சுமணன் ஆர்மோனியம் சொல்லிக்கொடுப்பார். இந்தப் பக்கம் நாங்கள் பதினோரு பெண்கள், ஸரிகமவுக்குத் தக்கபடி மூக்கு வரைந்துகொண்டிருப்போம்.

அவர் வகுப்பில் ஒரே ஒரு விதிதான் உண்டு. படத்தைப் பார்த்துப் படம் வரையக் கூடாது. காலண்டர் லட்சுமியை வரைந்து பூஜையறையில் மாட்டலாம் என்று வந்தவர்கள் எல்லாரும் ஏமாந்தோம். எதிரே ஒருத்தி உட்கார வேண்டும். முதல் பத்து நிமிஷம் பென்சிலைத் தொடாமல் அவள் முகத்தையே பார்க்க வேண்டும்.

“எங்க வீட்டுக்காரர் மூஞ்சியையே இவ்ளோ நேரம் பார்த்ததில்ல டீச்சர்,” என்றாள் அடுத்த பிளாக் ராணி.

“அதனாலதான் குடித்தனம் ஒழுங்கா நடக்குது. நீ எதிர்ல உட்கார்ந்திருக்கறவங்க காதைப் பாரு,” என்றார் ஜெகதாம்பாள். அவர் சிரிக்கவில்லை.

இந்த விதிக்கு ஒரு காரணம் இருந்தது. வெகுநாள் பழகிய பிறகுதான் என்னிடம் சொன்னார்.

அவருடைய அப்பா வேலூரில் போட்டோ ஸ்டூடியோ வைத்திருந்தார். அந்த நாளில் ஏழைபாழைகள் உயிரோடு இருக்கும்போது படம் எடுத்துக்கொள்வதில்லை. இறந்த பிறகுதான் குளிப்பாட்டி, நாற்காலியில் உட்காரவைத்து, ஸ்டூடியோவுக்கு ஆள் அனுப்புவார்கள். படத்தில் கண் மூடியிருக்கும். கண் மூடிய படத்தைச் சுவரில் மாட்டி எப்படி விளக்கேற்றுவது? அதனால் ஸ்டூடியோவில் கண்ணைத் திறந்து கொடுப்பார்கள். படத்தில் இமை இருக்கும் இடத்தை பிளேடு முனையால் மெல்லச் சுரண்டினால் காகிதத்தின் வெள்ளை தெரியும். அதன்மேல் ஒற்றை மயிர்த் தூரிகையால் கருவிழி வைப்பார்கள். பதினைந்து வயதில் ஜெகதாம்பாள் அந்த மேஜையில் உட்கார்ந்தார். எப்படி விழி வைப்பது என்று அப்பா ஒரே ஒரு கண்ணைத்தான் கற்றுக்கொடுத்தார். அப்பா கண்ணாடியைப் பார்த்து வரைந்துவைத்த அவருடைய சொந்தக் கண்.

ஐந்தாறு வருஷம் கழித்து ஜெகதாம்பாள் ஒரு கல்யாண வீட்டுக்குப் போயிருக்கிறார். கூடத்துச் சுவரில் மூன்று படங்கள். அந்த வீட்டு மாமனார், மாமியார், பிரசவத்தில் போன மருமகள். மூன்று பேரும் ஒரே கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அப்பாவின் கண்.

“வேலூர்ல செத்தவங்கள்ல பாதிப் பேரை எங்கப்பாவா மாத்திட்டேன்,” என்றார். “அந்த வீட்டுப் பிள்ளை அம்மான்னு கும்பிடறது எங்கப்பாவைத்தான்.” அன்றோடு கண் திறப்பதை விட்டுவிட்டார்.

அறுபத்தொன்பதில் ஒரு சனிக்கிழமை, வகுப்பு முடிந்து நாங்கள் பாயைச் சுருட்டும்போது, கூடத்தைப் பெருக்கும் முத்தம்மாள் துடைப்பத்தைச் சாத்திவிட்டு வந்து நின்றாள். முந்தானையிலிருந்து ஒரு தபால் அட்டை அளவு படத்தை எடுத்தாள். கோவில்பதாகையில் செங்கல் லாரியில் லோடு ஏற்றிக்கொண்டிருந்த அவள் புருஷன் தங்கவேல், மஞ்சள் காமாலையில் போய்ப் பதினோரு மாதம் ஆகியிருந்தது. படத்தில் அவன் நாற்காலியில் சாய்ந்து, தாடைக்குத் துணி கட்டி, கண் மூடி இருந்தான்.

“அடுத்த மாசம் மொத தெவசம் டீச்சரம்மா. நீ முன்னாடி கண்ணு தொறக்கற வேலை செஞ்சேன்னு ஐயா சொல்லிகினு இருந்தாரு. தொறந்து குடு.”

ஐயா என்றால் உத்தமன். அவருக்கு வாயில் எதுவும் தங்காது.

“நான் செய்யறதில்ல முத்தம்மா. வேற ஸ்டூடியோல குடு.”

“குட்தேன். படம் எட்த்தவன் கடையக் காலி பண்ட்டு பூட்டான். இன்னொருத்தன் இத்தப் பார்த்துப் படம் எட்த்தான். சட்டி அடி மாதிரி வந்துது மூஞ்சி. இது ஒண்ணுதான் கீது.”

ஒன்றுதான் இருக்கிறது என்றதும் ஜெகதாம்பாள் படத்தைக் கீழே வைத்துவிட்டார். சுரண்டினது சுரண்டினதுதான். பிசகினால் தங்கவேலுக்கு இந்த உலகத்தில் வேறு முகம் கிடையாது.

“அவர் கண்ணு எப்படி இருக்கும்? சொல்லு.”

“கண்ணு மாதிரிதான் இருக்கும். இன்னா கேக்கற நீ?”

“பெரிசா, சின்னதா? இமை எப்படி? பார்க்கறப்போ எப்படிப் பார்ப்பாரு?”

முத்தம்மாள் யோசித்தாள். பிறகு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

“பன்னெண்டு வர்சம் கூட இர்ந்தேன். ஞாபகம் வர்ல டீச்சரம்மா. மூடினு கீறதுதான் வர்து.”

பலகைக்கு அந்தப் பக்கம் யாரோ ஒரே கட்டையைத் திரும்பத் திரும்ப அழுத்திக்கொண்டிருந்தார்கள். ஜெகதாம்பாளும் அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். படத்தை மறுபடி கையில் எடுத்துக்கொண்டு கேட்டார்.

“அவர் கண்ணு உயிரோட யாருக்காவது இருக்கா? பிள்ளை இருக்கா?”

“புள்ள இல்ல.” அவள் துடைப்பத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். “ஒர்த்தி கீறா. அவங்க அக்கா, பொன்னியம்மா. உரிச்சு வெச்ச மாதிரி அதே மூஞ்சி. அவ மூஞ்சில முழிக்கக் கூடாதுன்னு கீறேன்.”

சண்டை எதற்கு என்றால், காமாலைக்கு மந்திரிக்கிறேன், மருந்து கட்டுகிறேன் என்று பொன்னியம்மாள் தம்பியை ஒன்பது நாள் தன் வீட்டில் வைத்துக்கொண்டாள். பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகலாம் என்று முத்தம்மாள் வாசலில் நின்று கத்தினாள். பத்தாம் நாள் கொண்டுபோகும்போது அவனுக்கு நினைவில்லை. அதற்குப் பிறகு இருவருக்கும் பேச்சில்லை.

“அவங்க வந்து உட்கார்ந்தா நான் பார்க்கறேன்,” என்றார் ஜெகதாம்பாள். “வராட்டி என்னால முடியாது. போய் நீதான் கூப்பிடணும்.”

முத்தம்மாள் என்ன சொல்லிக் கூப்பிட்டாள் என்று எனக்குத் தெரியாது. இல்லாததை இட்டுக்கட்ட எனக்கு எவ்வளவோ தெரியும் என்றாலும், இதில் கைவைக்கத் தோன்றவில்லை. அடுத்த சனிக்கிழமை பொன்னியம்மாள் வந்தாள். ஐம்பது வயது, வெற்றிலை வாய். முத்தம்மாளைத் தாண்டிப் போய் நாற்காலியில் உட்கார்ந்தாள். நாங்கள் வழக்கம்போல் பென்சிலைத் தொடாமல் பார்க்க ஆரம்பித்தோம்.

“இன்னாமே இது, இத்தினி பொம்பளைங்க மொறைச்சிகினு கீறீங்க? நா இன்னா குண்டாவத் திருடிகினா வந்தேன்?”

“சும்மா இரு அண்ணி,” என்றாள் முத்தம்மாள் வாசலிலிருந்து. எங்கள் எதிரில் அவளோடு பேசிய முதல் பேச்சு அது.

“நீ பேசாத. டீச்சரம்மா சொன்னா இருக்கறேன்.”

மூன்று சனிக்கிழமை அவள் வந்து உட்கார்ந்தாள். ஜெகதாம்பாள் அவளுடைய கண்ணை மட்டும் நாற்பது காகிதத்தில் வரைந்தார். இடது இமை ஒரு நூல் இறங்கியிருக்கும். யாரையும் நேரே பார்க்காமல், கேள்வி கேட்கிற மாதிரி சற்றுக் கீழிருந்து பார்ப்பாள். ஒவ்வொரு தாளையும் ஜெகதாம்பாள் முத்தம்மாளிடம் காட்டுவார். அவள் தலையாட்டுவாள், அல்லது மாட்டாள். மூன்றாவது சனிக்கிழமை ஒரு தாளைப் பார்த்ததும் அவள் கை முந்தானையைத் தேடியது. அந்தத் தாளை ஜெகதாம்பாள் மேஜையில் குத்திவைத்தார்.

தெவசத்துக்கு இரண்டு நாள் முன்பு, செவ்வாய்க்கிழமை மத்தியானம், பொன்னியம்மாளை நாற்காலியில் உட்காரவைத்துவிட்டு, எங்கள் எல்லார் எதிரிலும் அவர் பிளேடை எடுத்தார். தனியாகச் செய்யலாமே என்று நான் கேட்டேன். “தனியா உட்கார்ந்தா கை பழசுக்குப் போயிடும்,” என்றார். லட்சுமணன் தடுப்புக்கு மேலே எட்டிப் பார்த்தார். பார்த்துவிட்டு ஆர்மோனியத்தின் துருத்தியை மூடினார். அவர் மாணவர்கள் எழுந்து வந்து பலகையோரம் நின்றார்கள். காகிதம் சுரண்டும் சத்தம் மட்டும் கேட்டது. அரிசியில் பூச்சி ஊர்வது போன்ற சத்தம்.

ஒரு கண் முடிய முக்கால் மணி நேரம் ஆயிற்று. இரண்டாவது, இடது கண். இமையை ஒரு நூல் இறக்கி வைப்பதற்கு முன்னால், பொன்னியம்மாள் முகத்தை நிமிர்ந்து பார்த்தார். அவள் இமைக்காமல் உட்கார்ந்திருந்தாள். கண்ணில் நீர் கட்டியதும், “தொடைச்சிக்கட்டா?” என்று உதடு அசையாமல் கேட்டாள். “வேணாம், அப்படியே இருங்க,” என்றார் ஜெகதாம்பாள்.

முடிந்ததும் தூரிகையை வைத்துவிட்டு, படத்தை முத்தம்மாள் பக்கம் திருப்பினார். அவர் தங்கவேலைப் பார்த்ததே கிடையாது. சரியா தப்பா என்று முத்தம்மாள்தான் சொல்ல வேண்டும்.

முத்தம்மாள் குனிந்து வெகுநேரம் பார்த்தாள்.

“அவருதான்,” என்றாள். பிறகு, “குடிக்காதப்போ.”

“அவன் குடிக்காதப்போ நீ எப்போமே பார்த்தே?” என்றாள் பொன்னியம்மாள்.

“காலைல. லாரிக்குப் போறதுக்கு முன்னாடி. டீய ஆத்திக் குடுப்பேன், இப்டித்தான் பார்ப்பாரு.”

பொன்னியம்மாள் எழுந்து வந்து படத்தைப் பார்த்தாள். தம்பி கீழிருந்து அவளைப் பார்த்தான். எதையோ கேட்கிற மாதிரிதான் இருந்தது. அவள் மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

“நாந்தாண்டி லேட் பண்ட்டேன்,” என்றாள். “அன்னிக்கே நீ சொன்னே.”

முத்தம்மாள் படத்தை இரண்டு கையாலும் தூக்கி அவளிடம் நீட்டினாள்.

“புடி அண்ணி. சாய்க்காத, மை காயல. ஊடு வரிக்கும் நீயே எட்த்துகினு வா.”

பொன்னியம்மாள் அதைத் தட்டு ஏந்துவது போல் ஏந்திக்கொண்டாள். வெயில் குறையாத வீதியில் இரண்டு பேரும் கோவில்பதாகை பக்கம் நடந்தார்கள். முத்தம்மாள் முன்னால் போய், எதிரே வந்த சைக்கிள்களை ஓரம் போகச் சொல்லிக்கொண்டே நடந்தாள்.