பேட்டரி இல்லாமல் கப்பலேறிய வீல்சேர்

நான் அரசுப் பேருந்து ஓட்டியவன். விழுப்புரம் டிப்போவில் சேர்ந்து அங்கேயே ஓய்வு பெற்றேன். என் கைக்கு வந்த எந்த வண்டியையும் பூசை போடாமல் நான் நகர்த்தியதில்லை. டயருக்கு அடியில் எலுமிச்சம்பழம் நசுங்கும் சத்தத்தைக் கேட்டால்தான் எனக்குக் கிளட்ச்சில் கால் நிற்கும். இதை யாராவது கிண்டல் செய்தால் மூக்குக்கு மேல் கோபம் வரும். ஆகவே மகள் தன் அம்மாவுக்கு வாங்கித் தந்த பேட்டரி வீல்சேருக்கும் பூசை போட்டேன். அதில் தப்பொன்றும் இல்லை. அதற்குப் பிறகு செய்ததைத்தான் சொல்ல வருகிறேன்.

என் மனைவி சில வருடங்களுக்கு முன் மாடியில் வேர்க்கடலையை, எங்கள் பக்கம் மல்லாட்டை என்போம், காயப்போட்டுவிட்டு இறங்கும்போது படியில் சறுக்கி விழுந்தாள். முதுகெலும்பில் அடி. இடுப்புக்குக் கீழே எதுவும் அவள் பேச்சைக் கேட்பதில்லை. அன்றிலிருந்து அவளை நாற்காலியில் வைத்துத் தள்ளியவன் நான். கடைத்தெரு, ஆஸ்பத்திரி, கல்யாண மண்டபம் எல்லாம் தள்ளிக்கொண்டு போயிருக்கிறேன். ஊரில் எனக்கு நல்ல பெயர். பெண்டாட்டியை இப்படிப் பார்த்துக்கொள்கிற ஆம்பளை உண்டா என்று என் காதுபடவே பேசுவார்கள். கேட்காத மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருப்பேன்.

பேட்டரி நாற்காலி வந்ததும் நிலைமை மாறிவிட்டது. வலது கைக்குக் கீழே ஒரு சின்னக் குச்சி. அதை முன்னால் சாய்த்தால் முன்னால் போகும், பக்கத்தில் சாய்த்தால் திரும்பும். வந்த வாரமே அவள் தனியாகத் தெருமுனைவரை போய்ப் பூ வாங்கி வந்தாள். வழக்கமாக நான் வாங்கித் தருவது மல்லிகை. அவள் வாங்கி வந்தது கனகாம்பரம். டிரைவர் வேலை போய் இப்போது கிளீனர் வேலையும் போச்சா என்று எதிர்வீட்டுக்காரர் கேட்டார். சிரித்தேன். உள்ளே சுருக்கென்றது.

பிறகுதான் மகள் எங்கள் இருவருக்கும் பயணத்துக்கு ஏற்பாடு செய்தாள். சென்னையிலிருந்து மும்பைக்கு விமானம், அங்கிருந்து கப்பலில் கோவா போய்த் திரும்புவது. கப்பலின் மேல்தளத்தைச் செல்போனில் காட்டினாள். கடலை ஒட்டி நடப்பதற்கு நீளமாக, மேடு பள்ளம் இல்லாமல் ஒரு பாதை தளத்தைச் சுற்றி ஓடியது. என் மனைவி அந்தப் படத்தைத் திரும்பத் திரும்பப் போடச் சொன்னாள்.

"இதுல நான் தனியா ஒரு சுத்து போய்க்கினு வர்றேன். நீங்க ஒரு இடத்துல குந்திக்கினு இருங்க," என்றாள்.

அவளுக்கு விமானமும் கோவாவும் இரண்டாம் பட்சம். அந்த ஒரு சுற்றுதான் அவள் ஆசை. மகள் என்னிடம் தனியாக ஒன்று சொல்லி வைத்தாள். பேட்டரியின்மேல் அது எந்த வகை, எவ்வளவு சக்தி என்று அச்சடித்து ஒட்டியிருக்கும். விமான நிலையத்தில் அதைப் பார்த்துத்தான் ஏற்றுவார்கள். அது பத்திரம் என்றாள். எத்தனை வண்டி பார்த்தவன், எனக்கா சொல்கிறாய் என்று சிடுசிடுத்தேன்.

கிளம்பிய அன்று கார் விக்கிரவாண்டி தாண்டியதும் மயிலத்துக்குத் திருப்பச் சொன்னேன். வீட்டு வாசலில் போட்ட சின்னப் பூசை லாங் ரூட்டுக்குப் போதாது என்பது என் கணக்கு. கோயில் வாசலில் நாற்காலிக்கு மாலை போட்டு, சக்கரத்துக்குச் சந்தனம் குங்குமம் வைத்து, நான்கு பழம் நசுக்கினோம். என்ஜின் மாதிரி இதற்குப் பேட்டரிதானே என்று சீட்டுக்கு அடியில் இருந்ததைக் கழற்றிப் பூசாரியிடம் காட்டி, அதன்மேலும் தாராளமாகப் பூசச் சொன்னேன்.

திண்டிவனத்தில் மச்சினிச்சி வீட்டில் மதியச் சாப்பாடு. என் சகலை பேட்டரியைப் பார்த்துவிட்டு, இப்படிப் பொடியும் பூச்சுமாகக் கொண்டு போனால் என்னமோ ஏதோ என்று உட்கார வைத்துவிடுவார்கள் என்றார். பின்கட்டுக்கு எடுத்துப் போனேன். சந்தனம் காய்ந்து பிடித்துக்கொண்டிருந்தது. ஈரத்துணிக்கு மசியவில்லை. வீட்டில் பெயின்ட் வேலை நடந்துகொண்டிருந்ததால் சுவரோரம் தின்னர் டின் இருந்தது. துணியில் நனைத்துத் தேய்த்தேன். சந்தனம் வந்தது. கூடவே எழுத்தும் வந்தது.

முதல் வரி மங்கியதைப் பார்த்தேன். அப்போதே நிறுத்தியிருக்கலாம். மகள் சொன்னதும் நினைவில் இருந்தது. இருந்தும் கை தேய்த்துக்கொண்டேதான் இருந்தது. யார் இதையெல்லாம் உட்கார்ந்து படிக்கப் போகிறார்கள் என்று நினைத்துக்கொண்டதாக இப்போது சொல்லிக்கொள்கிறேன். அது மட்டும்தானா என்று என்னையே கேட்டால் நேராகப் பதில் சொல்ல முடியவில்லை. துணியைக் குப்பையில் போட்டுவிட்டு, சுத்தமாகிவிட்டது என்று வந்து மாட்டினேன்.

விமான நிலையத்தில் பணியில் இருந்த பெண் பேட்டரியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். ஒரு பக்கமும் எழுத்து இல்லை. வழியனுப்ப வந்திருந்த மகள் செல்போனில் பில்லைக் காட்டினாள். பில் இந்தப் பேட்டரிக்குத்தான் என்று எப்படித் தெரியும், பேட்டரியிலேயே இருக்க வேண்டும் என்று அந்தப் பெண் பொறுமையாகச் சொன்னாள். நான் கத்தினேன். நடக்க முடியாதவளை இப்படிப் பேஜாரு பண்ணுகிறீர்களே என்று வரிசையில் நின்றவர்கள் திரும்பிப் பார்க்கிற அளவுக்குக் கத்தினேன். தப்பு செய்தவனுக்குத்தான் அத்தனை சத்தம் வரும் என்பதை அன்றைக்குத் தெரிந்துகொண்டேன். கடைசியில் நாற்காலி மட்டும் போகலாம், பேட்டரி வேண்டாம் என்று முடிவாயிற்று. மகள் பேட்டரியைக் கையில் வாங்கித் திருப்பிப் பார்த்தாள். மோந்து பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். வீட்டில் கொண்டுபோய் வைத்துவிடுகிறேன் என்று பையில் போட்டுக்கொண்டாள்.

என் மனைவிதான் எனக்குச் சமாதானம் சொன்னாள். இவர்கள் எப்போதும் எதையாவது சொல்வார்கள், உங்களுக்கு பிபி ஏறப் போகிறது என்றாள். நான் தலையை ஆட்டினேன். அங்கேயே உண்மையைச் சொல்லியிருந்தால் திட்டோடு போயிருக்கும்.

விமானத்துக்குள் எங்கள் நாற்காலி நுழையாது. நடைபாதைக்கென்று ஒரு ஒடுக்கமான நாற்காலி வைத்திருக்கிறார்கள். அதில் உட்கார வைத்து, நெஞ்சிலும் காலிலும் பட்டை மாட்டி, இரண்டு பேர் அவளைப் பின்பக்கமாக இழுத்துப் போனார்கள். வழியில் கழிவறைத் தொல்லை வேண்டாம் என்று அவள் காலையிலிருந்து ஒழுங்காகத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. சீட்டில் மாற்றியதும் புடவையைச் சரிசெய்துகொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

கப்பலில் ஒரு குறையும் இல்லை. சரிவுப்பாதை வழியாக ஏறினோம். அறைக் கதவு அகலமாக இருந்தது, குளியலறையில் பிடித்துக்கொள்ளக் கம்பிகள் இருந்தன. பேட்டரி இல்லாத நாற்காலி தள்ளுவதற்குக் கனம். ஆனாலும் தள்ளினேன். சாப்பாட்டுக் கூடத்தில் முன்பின் தெரியாதவர்கள் என் தோளைத் தட்டிப் பாராட்டினார்கள். ஒருவர் தன் மனைவியைக் கூப்பிட்டு என்னைக் காட்டினார். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எனக்கு அது பிடித்திருந்தது. என் மனைவியின் வலது கை மட்டும் அந்தக் குச்சியின்மேலேயே இருந்தது. உயிரில்லாத குச்சி. அதை அவள் எடுக்கவும் இல்லை, அசைக்கவும் இல்லை.

கோவாவில் இறங்கவில்லை. வெயில், உனக்குத் தாங்காது என்று நானே முடிவு செய்தேன். மேல்தளத்தில் அவளை ஒரு சுற்று தள்ளிக்கொண்டு வந்தேன். கடல் எங்கே நன்றாகத் தெரிகிறதென்று நான் நினைத்தேனோ அங்கே நிறுத்தினேன். எப்படி இருக்கிறது என்று கேட்டதற்கு, நன்றாக இருக்கிறது என்றாள்.

திரும்பும் நாள் சாயங்காலம் மேல்தளத்தில் இருந்தபோது, என்னை இங்கே விட்டுவிட்டு நீங்கள் போய்க் காபி குடித்துவிட்டு வாருங்கள் என்றாள். பிரேக் போட்டு விட்டுவிட்டுப் போனேன். திரும்பி வந்தபோது நாற்காலி அங்கே இல்லை. ஓடிப்போய்க் கைப்பிடிக் கம்பிக்கு மேலாக எட்டிக் கீழே கடலைப் பார்த்தேன். அப்புறம்தான் பாதையின் மறுகோடியில் அவளைக் கண்டேன்.

பின்னால் ஒரு கேரளத்து அம்மாள், எங்களைவிட வயதானவர். வாக்கரை ஊன்றி நடப்பவர் என்று சாப்பாட்டுக் கூடத்தில் பார்த்திருக்கிறேன். இப்போது வாக்கரை ஒரு ஓரமாக நிறுத்திவிட்டு என் மனைவியின் நாற்காலிப் பிடிகளைப் பிடித்து நடந்து வந்தார். கனமான நாற்காலி அவருக்கு நல்ல ஊன்றுகோலாக இருந்தது. நாலடிக்கு ஒருமுறை நின்றார். நிற்கும்போதெல்லாம் குனிந்து என்னவோ கேட்டார். என் மனைவி கையைக் குச்சியிலிருந்து எடுத்து அந்தப் பக்கம், இந்தப் பக்கம் என்று காட்டினாள். ஒரு இடத்தில் வந்த வழியே திரும்பச் சொன்னாள். அவரும் திரும்பினார். இரண்டு பேரும் எதற்கோ சிரித்தார்கள். அவர்கள் என்னிடம் வந்து சேர வெகுநேரம் ஆயிற்று.

அந்த அம்மாள் வாக்கரை எடுத்துக்கொண்டு போனதும் எனக்கு அதற்குமேல் தாங்கவில்லை. எதிரே தரையில் உட்கார்ந்தேன்.

"பேட்டரி எழுத்த நான்தான் அழிச்சேன். தின்னர் போட்டுத் தேய்ச்சேன். அழியறது தெரிஞ்சும் தேய்ச்சேன்," என்றேன்.

அவள் முகத்தில் கோபம் வரும் என்று பார்த்தேன். வரவில்லை. கடலைப் பார்த்துக்கொண்டே பேசினாள்.

"பேட்டரி ஊட்ல இருக்குது, போனா மாட்டிக்கலாம். அந்தம்மாவுக்கு நடக்கவே முடியல. அப்பவும் எந்தப் பக்கம் போவட்டும்னு கேட்டுக் கேட்டுத்தான் தள்ளுச்சு. இத்தினி வருஷம் தள்ளுனீங்களே, ஒரு வாட்டி கேட்டீங்களா?"

யோசித்துப் பார்த்தேன். ஒரு தடவைகூட இல்லை. எழுந்து பிடிகளைப் பிடித்துக்கொண்டு, எந்தப் பக்கம் போகட்டும் என்று கேட்டேன்.

"நீங்க ரூமுக்குப் போங்க. அந்தம்மா டீ குடிச்சிட்டு வர்றேன்னு சொல்லியிருக்குது," என்றாள்.

நான் போனேன்.