உபதேசியார் வயலுக்கு வந்த ஞாயிற்றுக்கிழமைத் தண்ணீர்

"...அதனாலதான் சொல்லுதேன் வே, பயிர் கருகுனா கருகட்டும். ஓய்வுநாள்ல மம்பட்டியத் தொட்டவன் கை விளங்காது" என்றார் எங்கள் சபை உபதேசியார்.

அந்தக் குற்றத்துக்காகப் போன வருஷம் என்னைக் கோயிலில் எல்லோர் முன்னாலும் எழுந்து நிற்க வைத்தவர் அவர். இந்தத் தடவை வாய்க்கால் தண்ணீர் எட்டு நாளைக்கு ஒருமுறைதான். அவர் வயலுக்கு முறை வந்ததோ ஞாயிறு காலையில். கதிர் வரும் நேரத்தில் வயல் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. ஆராதனைக்குப் போகிற வழியில் இருவரும் அதன் வரப்பில் நின்றோம்.

"மத்தியானத்தோட தண்ணி அடுத்த வயலுக்குல்லா போயிரும், ஐயா. என் கை போன வருஷமே விளங்காமப் போயாச்சு. நான் மடையைத் திறந்துவிடட்டுமா?" என்றேன்.

"அடுத்தவன் பாவத்துல வெளஞ்ச சோறு எனக்கு எறங்காது வே."

கோயிலில் இரண்டாம் மணி அடித்தது. அவர் மணி வந்த திசையைப் பார்த்தார், பயிரையும் பார்த்தார். பிறகு வேதபுத்தகத்தை என்னிடம் கொடுத்து, வேட்டியை மடித்துக் கட்டினார். வரப்பில் கிடந்த மண்வெட்டியைத் தொடாமல், அதைச் சுற்றிக்கொண்டு மடைக்குப் போய், அடைத்திருந்த மண்ணைக் குதிகாலால் பையத் தள்ளத் தொடங்கினார்.