பெயருக்கு நடுவே ஓர் இடைவெளி

ராகலைக்கு மேலே உள்ள ஒரு தேயிலைத் தோட்டத்தில் பிறந்த தரணிதரனுக்குப் பதினொரு வயதில் பார்வை மங்கத் தொடங்கியது. கரும்பலகை தெரியவில்லை என்று அவர் சொன்னபோது, படிக்கச் சோம்பல்பட்டுச் சாக்குச் சொல்கிறான் என்றுதான் வீட்டில் நினைத்தார்கள். கண்ணுக்குள் அழுத்தம் கூடிவிட்டது என்று கண்டியில் ஒரு டொக்டர் சொன்ன நேரத்தில் பாதிப் பார்வை போய்விட்டிருந்தது. பதின்மூன்று வயதுக்குப் பிறகு வெளிச்சமும் இருட்டும் மட்டும்தான் அவருக்குத் தெரிந்தன.

அவருடைய அப்பா மயில்வாகனம் தேயிலைத் தொழிற்சாலையில் கொழுந்து வாட்டும் மாடியில் வேலை செய்தவர். தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தில் எல்லோரும் “இனி இவன் வீட்டோட இருக்கட்டும்” என்று சொன்னார்கள். அப்பா கேட்கவில்லை. மூன்று பஸ் மாறி, பார்வையற்ற பிள்ளைகள் படிக்கும் ஒரு பள்ளிக்கூடத்தில் மகனைக் கொண்டுபோய் விட்டார். தரணிதரன் அங்கே விரலால் வாசிக்கப் பழகினார். பல்கலைக்கழகத்தில் வரலாறு படித்துப் பட்டம் பெற்று, இருபத்தொன்பது வயதில் ராகலைப் பக்கத்துப் பாடசாலை ஒன்றுக்கு ஆசிரியராக வந்தார். இப்போது அவருக்கு நாற்பத்தொன்று. மனைவி பிரேமினி, தோட்டத்துப் பிள்ளைக்காம்பராவில் வேலைக்குப் போகிற தாய்மாரின் குழந்தைகளைப் பார்த்துக்கொள்கிறார்.

கணினியில் உள்ளதைக் குரலாக வாசித்துச் சொல்லும் மென்பொருளைப் பல்கலைக்கழகத்திலேயே அவர் பழகியிருந்தார். ஆனால் அது ஆங்கிலம் மட்டும்தான் பேசியது. தமிழ் எழுத்தைக் கண்டால் வாயை மூடிக்கொண்டது. அதனால் ஆசிரியராகிய பின்னும் வினாத்தாளை இன்னொருவர்தான் வாசித்துச் சரிபார்க்க வேண்டியிருந்தது. தான் எழுதியதில் என்ன பிழை இருக்கிறது என்று இன்னொருவர் சொல்லிக் கேட்பது அவருக்கு ஒவ்வொரு தவணையும் குத்தியது. ஐந்து வருடங்களுக்கு முன் யாரோ ஓர் இளைஞர் தமிழ்க் குரல் ஒன்றைச் செய்து இலவசமாக இணையத்தில் போட்டார். அதை நிறுவிய நாளிலிருந்து தரணிதரன் தன் வினாத்தாளைத் தானே கேட்டு, தானே திருத்தினார்.

சென்ற ஆண்டு இரண்டாந் தவணைப் பரீட்சைக்குப் பத்து நாள் இருக்கும்போது அவருடைய பழைய மடிக்கணினி ஒரேயடியாகப் படுத்துவிட்டது. நல்லவேளையாக, பார்வையற்ற பட்டதாரிகள் பன்னிரண்டு பேருக்குப் புது மடிக்கணினி கொடுக்க ஒரு சங்கம் முன்வந்திருந்தது. அவருடையது அதே வாரம் வந்து சேர்ந்தது. சங்கத்துப் பிள்ளைகள் ஒவ்வொன்றிலும் உரியவரின் முழுப்பெயரை ஆங்கிலத்தில் பதிந்து அனுப்பியிருந்தார்கள். திறந்ததும் ஆங்கிலக் குரல் “தரணிதரன் மயில்வாகனம்” என்று தட்டுத்தடுமாறிச் சொன்னது. அப்பா பெயரையும் சேர்த்துக் கேட்டதில் அவருக்குச் சந்தோஷம்.

தமிழ்க் குரலை நிறுவினார். குரல் வரவில்லை. திரையில் ஏதோ ஒரு சிறு பெட்டி தோன்றி, எதையோ காணவில்லை என்று ஆங்கிலத்தில் சொன்னது. அழித்துவிட்டு மறுபடி நிறுவினார். மூன்று தடவை செய்தும் அதே பெட்டிதான்.

ராகலைக் கடைவீதியில் கணினி திருத்தும் பிரதாப்பிடம் கொண்டுபோனார். பிரதாப் பெட்டியை ஒரு பார்வை பார்த்துவிட்டு மூடினார்.

“ஏதோ ஃபைல் இல்லன்னு சொல்லுது, சேர். வின்டோஸ புதுசா போட்டுட்டா சரியாயிரும்.”

இரண்டு நாள் வைத்திருந்து, எல்லாவற்றையும் அழித்துப் புதிதாகப் போட்டுக் கொடுத்தார். சேருக்கு மரியாதையாக இருக்கட்டும் என்று பழையபடி முழுப்பெயரையே பதிந்திருந்தார். வீட்டுக்கு வந்து குரலை நிறுவினால், மறுபடியும் பெட்டி.

“அப்ப மெஷின்லதான் பிழை, சேர்” என்றார் பிரதாப் தொலைபேசியில்.

புதன்கிழமை வினாத்தாளை அதிபரிடம் கொடுக்க வேண்டும். சனிக்கிழமை காலையில் பிரேமினி சமையலை முடித்துவிட்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தார்.

“இந்த ஒருவாட்டி நான் வாசிக்கிறேங்க. யாருகிட்டயும் சொல்ல மாட்டேன்.”

“நீ சொல்லுவேன்னா நான் நெனைக்கிறேன்? அது இல்ல பிரேமி. மறுபடியும் பழைய மாதிரி ஆயிருமோன்னு இருக்கு.”

 பிரேமினி அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

கொஞ்ச நேரம் கழித்து அவர் மறுபடி மடிக்கணினியைத் திறந்தார். அந்தப் பெட்டி என்னதான் சொல்கிறது என்று முழுதாகக் கேட்டுப் பார்ப்போம் என்று தோன்றியது. இதுவரை ஆங்கிலக் குரல் அதைக் கடகடவென்று ஒப்பித்துவிட்டுப் போயிருந்தது. இந்தத் தடவை அம்பு விசையை அழுத்தி, ஒவ்வோர் எழுத்தாகச் சொல்லவைத்தார். எந்த இடத்தில் தேடிக் கிடைக்காமல் போனது என்பதைப் பெட்டி விலாசம்போலச் சொல்லியிருந்தது. முதலில் ஒரு கோப்புறை, அதற்குள் இன்னொன்று. அப்புறம் அவருடைய பெயர், எழுத்தெழுத்தாக. கடைசி எழுத்துக்குப் பிறகு ஒன்றுமில்லை. இன்னொரு தடவை கேட்டார்.

“பிரேமி, இந்தப் பெட்டியில எம்பேரு எப்பிடி இருக்குன்னு பாரு.”

“தரணிதரன்னு இருக்கு.”

“அப்பா பேரு?”

“இல்லீங்களே. தரணிதரனோட நின்னுருச்சு.”

“ஆனா தெறக்கும்போது முழுப் பேரும்தானே சொல்லுது?”

“ஆமா. ரெண்டு பேரும் வருது. நடுவுல எடம் விட்டு.”

அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். விஷயம் விளங்கிவிட்டது. கட்டளை ஒன்றைக் கணினி வாசிக்கும்போது, இடைவெளி வந்தால் ஒரு சொல் முடிந்துவிட்டது என்று எடுத்துக்கொள்ளும். இடைவெளி உள்ள பெயர் என்றால் அதை மேற்கோள் குறிக்குள் போட்டுக் கொடுக்க வேண்டும். தமிழ்க் குரலைச் செய்தவர் அதைப் போட மறந்திருக்கிறார். குரல் போய் உட்கார்ந்திருப்பது ‘தரணிதரன் மயில்வாகனம்’ என்ற கோப்புறையில். கணினி தேடுவதோ ‘தரணிதரன்’ என்ற கோப்புறையை. அப்படி ஒன்று இல்லவே இல்லை. பழைய மடிக்கணினியில் அவர் பெயர் மட்டும் ஒரே சொல்லாக இருந்ததால் அங்கே இந்தச் சிக்கல் வரவில்லை.

உடனே அமைப்புகளுக்குப் போய் அப்பாவின் பெயரை எடுத்துவிட்டார். கணினியை அணைத்துத் திறந்தார். அதே பெட்டி வந்தது. சற்றுமுன் வந்த உற்சாகம் வடிந்துபோய், பிரதாப்பை அழைத்து நடந்ததைச் சொன்னார்.

பிரதாப் பதறிப்போனார்.

“ஐயோ சேர், நான் அத கவனிக்கவே இல்லையே! நீங்க சொல்றதுதான் சரி. ஆனா மேல பேர மாத்துனா உள்ள இருக்கிற ஃபோல்டர் பேரு மாறாது. அது மொத மொத வச்ச பேருலயேதான் இருக்கும். புதுசா ஒரு யூசர் போடுங்க. ஒரே சொல்லா, எடம் விடாம.”

‘தரணி’ என்று ஆங்கிலத்தில் ஏழு எழுத்தில் புதிய கணக்கு ஒன்றைத் திறந்தார். அதற்குள் போய்க் குரலை நிறுவினார். பிரேமினி பக்கத்திலேயே நின்றார்.

“தமிழ்க் குரல் தயார்” என்றது மடிக்கணினி.

பிரேமினி கைதட்டிச் சிரித்தார். தரணிதரன் சிரிக்கவில்லை. இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டு அப்படியே சாய்ந்துவிட்டார். தோளில் இருந்து ஒரு மூட்டை கொழுந்தை இறக்கி வைத்த மாதிரி இருந்தது என்று பிறகு அவர் சொன்னார்.

தேநீர் குடித்துவிட்டு வினாத்தாளைத் திறந்தார். குரல் இல்லாத நாட்களில் விரலை நம்பித் தட்டச்சு செய்த பக்கங்கள் அவை. “கண்டி இராச்சியத்தின் உறுதி மன்னன் யார்?” என்று நிதானமாக வாசித்தது தமிழ்க் குரல். ‘இறுதி’ என்று அடிக்கப் போய் விரல் பக்கத்து விசையில் விழுந்திருக்கிறது. இந்தத் தடவை அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. ஆறு பிழைகளைத் தானே கண்டுபிடித்துத் திருத்தினார். மாலைக்குள் வினாத்தாள் முடிந்தது.

குரலைச் செய்த இளைஞருக்கும் மின்னஞ்சல் எழுதினார். மன்னிப்புக் கேட்டுப் பதில் வந்தது. தன் கணினியில் தன் பெயர் ஒரே சொல் என்பதால் இந்தப் பிழை ஒரு நாளும் வந்ததில்லை என்றும், ஒரு வாரத்தில் சரிசெய்துவிடுவதாகவும் அவர் எழுதியிருந்தார்.

அந்த ஒரு வாரம் காத்திருக்கத் தரணிதரனுக்கு மனம் வரவில்லை. பன்னிரண்டு மடிக்கணினியிலும் முழுப்பெயரைத்தானே பதிந்திருப்பார்கள்? ஞாயிற்றுக்கிழமை, சங்கத்திடம் இலக்கங்களை வாங்கி ஒவ்வொருவராக அழைத்தார். தமிழ்க் குரலை நிறுவிப் பார்த்திருந்த நான்கு பேருக்கும் இதே சிக்கல். அவர்களில் ஒருவர் டயகமவைச் சேர்ந்த சுலக்ஷனா. பட்டம் முடித்து வேலைக்குக் காத்திருப்பவர்.

“எனக்குத்தான் பாவிக்கத் தெரியலன்னு நெனச்சு அலுமாரிக்குள்ள வச்சிட்டேன், சேர். குடுத்தவங்ககிட்ட சொல்லவும் வெக்கமா இருந்துச்சு.”

“ஒங்க மேல ஒரு பிழையும் இல்ல, தங்கச்சி. எடுத்துட்டு வாங்க. நான் சொல்லச் சொல்லச் செய்யுங்க.”

அலுமாரிக் கதவு திறக்கும் சத்தம் கேட்டது. முக்கால் மணித்தியாலம் இருவரும் தொலைபேசியிலேயே இருந்தார்கள். பிறகு டயகமவிலிருந்து அந்தக் குரல் மெல்ல வந்தது. அதை முந்திக்கொண்டு சுலக்ஷனா, “அம்மா, இங்க ஓடி வாங்க, பேசுது!” என்று கூப்பிட்டார்.